உப்புப் போடாத ரசம்

ஏப்ரல் 6

பம்ப் கம்பெனியில் கௌசிக்குக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மோட்டார் படம். என் மகன் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மூன்று மாதம் வீணாகப் போய்விட்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கையில் வெற்றுப் பக்கம் கிடைத்தால் சும்மா விடுவாளா? இன்று முதல் நான் எழுதுகிறேன்.

எழுத விஷயமும் இருக்கிறது. வடவள்ளியில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். வைகாசியில், ஜூன் ஆறாம் தேதி புதுமனை புகுவிழா. இரண்டு படுக்கையறை, ஒரு பூஜையறை, அது போகத் தெற்குப் பார்த்து ஓர் அறை. அந்த அறை என் மருமகள் சாருமதி உட்கார்ந்து படிக்க. சுவரோரமாக நீள மேசை போடச் சொன்னது நான்தான். ஆசாரி, “எதுக்குங்கம்மா இத்தன நீளம்?” என்றார். “டாக்டர் உக்காரப் போற மேசைங்க” என்றேன். அவர் ஊசி போடும் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு தன் முட்டிவலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சாரு வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஐந்தாவது வருஷம். நுணா இலையைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரில் ஊற்றினால் தண்ணீர் பழுப்பாகும். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பொடி கிருமியைக் கொல்லும். நான் நாலு வரியில் சொல்லிவிட்டேன், அவள் இருநூறு பக்கம் எழுத வேண்டும். அவளுடைய துறையில் ஆளுக்கு ஓர் இலை. ஒருத்திக்கு நொச்சி, ஒருவனுக்கு ஆடாதோடை, இவளுக்கு நுணா. அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு பயன்படுத்திய இலையில் பாதி நான் பறித்துக் கொடுத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி துறையில் எல்லோர் முன்னாலும் ஒரு பேச்சு, பிறகு சுருக்கவுரை, பிறகு ஆய்வேட்டுப் புத்தகம், கடைசியில் வாய்மொழித் தேர்வு. பெரும்பாடு முடிந்துவிட்டது.

சாயங்காலம் நாத்தனார் வசந்தமணி போன் செய்தாள். “ஏனுங் அண்ணி, கல்யாணமாகி மூணு வருசமாச்சு. விசேசம் ஒண்ணுமில்லீங்களா?”

“இருக்குதே. எங்க வீட்டுக்கு டாக்டர் பட்டம் வருது” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9

டைல்ஸ்காரர் வரவில்லை. சொன்ன நாளில் வந்தால் அவர் டைல்ஸ்காரரே இல்லை.

ஏப்ரல் 15

சித்திரைப் பிறப்புக்குச் செய்த பலகாரமெல்லாம் தீர்ந்து, இன்று சாதாரணச் சமையல். அடுப்பில் ரசம் நுரை கட்டும்போது சாரு வந்து நின்றாள்.

“அத்தை, உப்புப் போட்டுட்டீங்களா?”

“இனிமேத்தான் கண்ணு.”

“போடாதீங்க. தாளிக்கவும் வேண்டாங்க. எனக்கு ஒரு டம்ளர் அப்படியே வேணும்.”

வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். அவள் அதைக் குடிக்கவில்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி மூடி, பையில் வைத்துக்கொண்டாள். கூடவே டீ டிகாஷன் ஒரு பாட்டில், வெல்லத் தண்ணீர் ஒரு பாட்டில். எதற்கு என்று கேட்டேன். “சும்மா ஒரு சந்தேகங்கத்தை.” உப்பு ஏன் கூடாது என்றதற்கு, உப்புப் பட்டால் வெள்ளித் தண்ணீர் பால் திரிந்த மாதிரி வெளுத்துவிடும் என்றாள்.

என் ரசத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் வரும் அதிகாரிகள் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள். அது பல்கலைக்கழகம் வரை போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஏப்ரல் 22

ஒரு வாரமாகச் சாரு சரியில்லை. சோறு பிசைந்தபடியே இருக்கிறாள், வாய்க்குப் போவதில்லை. வழக்கமாகச் சாயங்காலம் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் எனக்குச் சொல்வாள். யார் கண்ணாடிக் குடுவையை உடைத்தார்கள், எந்த மெஷின் ரிப்பேர், எல்லாம். என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷத்தில், சாயங்காலம் என்று எனக்கு இருப்பது அந்த அரைமணி நேரம்தான். இப்போது அதுவும் இல்லை. எனக்கென்ன, நான் டி.வி. பார்த்துக்கொள்கிறேன்.

கௌசிக் கம்பெனி வேலையாக ராஜ்கோட்டில் இருக்கிறான். புருஷன் பெண்டாட்டி சண்டையாக இருக்கும் என்று அவனைப் போனில் திட்டினேன். “நான் என்னங்மா பண்ணுனேன்?” என்றான். பையன் பொய் சொல்கிறவன் இல்லை.

ஏப்ரல் 28

கருத்தரங்கு என்று சென்னை போய்விட்டு வந்தாள். ஒரு நாள் கருத்தரங்குக்குச் சான்றிதழெல்லாம் எடுத்துக்கொண்டா போவார்கள்? கேட்கவில்லை. கேட்டுப் பிடுங்குகிற மாமியார் நான் இல்லை.

மே 3

இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அத்தை, நான் மெட்ராஸ் போனது கருத்தரங்குக்கு இல்லீங்க. இண்டர்வியூவுக்கு.”

“வேலைக்கா?”

“படிக்கங்கத்தை. வேற பிஎச்.டி.க்கு. என்னை எடுத்துட்டாங்க.”

சாயப்பட்டறைத் தண்ணீரைத் திரும்ப நல்ல தண்ணீராக்குகிற ஆராய்ச்சியாம். அவள் நொய்யல் கரையில் பிறந்தவள். சின்ன வயதில் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் போனதைப் பார்த்திருக்கிறாள். ஜூலையில் சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சேர வேண்டுமானால் இங்கே பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் போக முடியும்.

“அப்ப இந்த அஞ்சு வருசம்?”

“போச்சுங்க. அங்க மறுபடியும் முதல் வருசத்துல இருந்து.”

“இத முடிச்சுட்டுப் போ. கரையேறுற நேரத்துல யாராச்சும் குதிப்பாங்களா?”

“கைடு சார்கிட்ட ஒரு வரிசை இருக்குதுங்கத்தை. எனக்கு முன்னால ரெண்டு பேரு. அவங்க புஸ்தகம் போன பொறவுதான் என்னுது போகும். அதுக்கு ஒரு வருசம் ஆயிரும். அதுவரைக்கும் அந்த இடம் எனக்காகக் காத்திருக்காதுங்க. அடுத்த வருசம் வயசு வரம்பும் தாண்டிரும்.”

“ஒரு வருசம் பொறுத்தா பட்டம் நிச்சயம். அத விட்டுட்டு?”

கையிலிருந்த காம்பை உருவி முடித்தாள். பிறகு, “இதுல எனக்கு நம்பிக்கை போச்சுங்கத்தை” என்றாள்.

நான் கோபப்படவில்லை. கீரைத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

மே 4

பரீட்சைக்கு முதல் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு வலிக்கும். முப்பத்தாறு வருஷம் பார்த்திருக்கிறேன். சரியாகிவிடும்.

மே 6

கௌசிக்குக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. “அவ இஷ்டம்ங்மா. நானே பாதி நாள் வெளியூர்ல கெடக்கறன். சனி ஞாயிறு போய்ப் பார்த்துட்டு வந்துக்கறன்” என்கிறான். பெண்டாட்டி ஐந்து வருஷம் வேறு ஊரில் இருக்கப் போகிறாள் என்பதை மோட்டார் டெலிவரி தள்ளிப்போன மாதிரி சொல்கிறான். புது வீட்டில் அப்புறம் யார் இருப்பது? நானும் அந்த நீள மேசையுமா?

பிரஸ்ஸுக்குப் போய்ப் புகுவிழாப் பத்திரிகைக்கு வாசகம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் பெயரைவிடப் பட்டம்தான் நீளமாக இருக்கும். வசந்தமணி தன் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.எஸ். என்று போட்டு, கனடா என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். போட்டேன். எனக்கு எம்.எஸ்சி., பி.எட். மகனுக்கு பி.இ. மருமகள் பெயர் வந்ததும் பிரஸ்காரத் தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

“முனைவர் சாருமதி” என்றேன்.

சொல்லும்போது வாய் இனித்தது. நான் கணக்கு வாத்தியார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிந்த வேலையை முடிந்தது என்று எழுதுவதில் தப்பில்லை. கல்யாணப் பத்திரிகையில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கெல்லாம் பட்டம் போடுகிறார்கள். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

மே 10

பத்திரிகை வந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, நல்ல வழவழப்பு. சாரு ஒன்றை எடுத்து வாசித்தாள். தன் பெயர் இருந்த வரியில் விரல் நின்றது.

“இன்னும் வாங்கலைங்களே அத்தை.”

“வாங்கீருவ.”

பத்திரிகையை மற்றவற்றோடு சேர்த்து விளிம்பைச் சரிபார்த்து அடுக்கி வைத்தாள். திட்டியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

மே 14

இன்று துறையில் சாருவின் பேச்சு. பேசுகிறவர்தான் வந்தவர்களுக்கெல்லாம் டிபன் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கடை வடையெல்லாம் என் மருமகள் பேச்சுக்கு ஆகாது. விடியுமுன்பே எழுந்து மாவாட்டி, சாம்பார் வடை நானே செய்தேன். தூக்கி வர ஆள் வேண்டும் என்ற சாக்கில் ஆட்டோவில் கூடவே போய்விட்டேன். வீட்டார் போய் உட்காருவது வழக்கம் இல்லையாம். வடைப் பாத்திரத்தோடு வந்தவளை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சந்திரமோகன். நரைத்த தாடி, சாந்தமான முகம். அவர் பக்கத்தில் வெளிக் கல்லூரியில் இருந்து குழு உறுப்பினராக வந்த ஒரு பேராசிரியை. பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி.

சாரு மேடையில் நின்றதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை ஆண்டு விழா நடத்தியிருக்கிறேன், ஒருநாளும் இப்படி அடித்ததில்லை. நன்றாகப் பேசினாள். படம் படமாக ஓடியது. நான் இலை பறித்த நுணா மரம்கூட ஒரு படத்தில் வந்தது. முக்கால் மணி நேரம் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு படம் வந்தது. நாலு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், நாலிலும் ஒரே பழுப்பு.

“முதல் குப்பி நுணா இலை” என்றாள். “ரெண்டாவது டீ டிகாஷன். மூணாவது வெல்லத் தண்ணி. நாலாவது, எங்க வீட்டு ரசம்.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த படத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகள். நாலிலும் கிருமி செத்த வட்டம் ஒரே அளவு.

“நாலுலயும் வெள்ளி ஒரே மாதிரிதான் பொடியாகுது. கிருமியக் கொல்றது வெள்ளிதான். நுணா இலைக்குன்னு தனியா ஒரு சக்தியும் இல்லைங்கறதுதான் என்னோட முடிவு. இத மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. பேராசிரியர் சந்திரமோகன் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அந்த வரிசையில் நொச்சி இலைக்காரியும் ஆடாதோடைக்காரனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பருத்திப் புடவை அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ரசத்துல என்னென்ன இருந்துச்சு? அளவு சொல்ல முடியுமாம்மா?”

முக்கால் மணி நேரம் தடங்காமல் பேசிய பெண், முதல் தடவையாகத் திணறினாள். ஹாலின் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“அத்தை...”

நான் எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. “ஒண்ணேகால் லிட்டர் தண்ணிங்க. நெல்லிக்கா அளவு புளி. பழுத்த தக்காளி ஒண்ணு. மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒண்ணரை ஸ்பூன், பூண்டு நாலு பல்லு, மூணும் நசுக்குனது, அரைச்சதில்லைங்க. துவரம்பருப்புத் தண்ணி ஒரு கரண்டி. மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை. கொத்தமல்லி, கருவேப்பிலை. தாளிக்கல.”

“உப்பு?”

“போடலைங்க. போட்டா வெள்ளி வெளுத்துருமுங்க.”

அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் என் குரல் நன்றாகவே கேட்டது.

வடையைத் தின்றுவிட்டு எல்லோரும் சீக்கிரம் கலைந்தார்கள். திரும்பும் ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. என் ரசமும் ஐந்து வருஷப் படிப்பும் ஒன்று என்று அவள் ஊரறியச் சொல்லிவிட்டாள். அப்படியானால் நான் பறித்த இலையெல்லாம்? அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தூசி என்றேன்.

மே 16

சந்திரமோகன் சாரு​வைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். திட்டவில்லையாம். வரிசையில் முன்னால் இருந்த ஒருத்தி பிரசவ விடுப்பில் போகிறாள், இன்னொருவன் இன்னும் எழுதியே முடிக்கவில்லை. சாருவை முன்னால் அனுப்புகிறேன், செப்டம்பரில் புத்தகத்தைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். அந்த நாலு குப்பிப் படத்தையும் அதைப் பற்றி எழுதிய பக்கங்களையும் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

“ஒரு படந்தான கண்ணு. எடுத்துப்போடு” என்றேன்.

“எடுத்தா மிச்சம் பூராப் பொய்யாயிருங்கத்தை.”

“பொய் எங்க வந்துச்சு? நீ செஞ்சதத்தான எழுதற? ஒண்ணச் சொல்லாம விடறே, அவ்வளவுதான்.”

அவள் என்னையே பார்த்தாள். காப்பியடித்த பிள்ளைகளை நான் பார்க்கிற பார்வை அது. என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் மட்டும் சாப்பிட்டேன். எனக்கு மாத்திரை இருக்கிறது, பட்டினி கிடக்க முடியாது.

மே 22

பெரியகடை வீதிக்குப் பூஜைச் சாமான் வாங்கப் போவதாகச் சாருவிடம் சொன்னேன். போனது பல்கலைக்கழகத்துக்கு.

ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டுதான் போனேன். தலைமையாசிரியை அறைக்குப் பழத்தோடு வந்து நிற்கும் பெற்றோரை நான் எப்படி நடத்துவேன் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைவிட மரியாதையாக நடத்தினார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

“உங்க மருமக மாதிரி ஒரு ஸ்டூடண்ட் எனக்கு வந்ததில்லைங்கம்மா. செப்டம்பர்ல முடிச்சுக் குடுத்தர்றேன். நீங்க சொன்னாக் கேப்பா. அந்த ரசத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க.”

இதைக் கேட்கத்தான் நான் போனதே. செப்டம்பர் நிச்சயமா என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஏனுங் சார், அவ செஞ்சு பார்த்தது தப்புங்களா?”

“தப்பில்லைங்க.”

“அப்பறம் ஏன் எடுக்கோணும்?”

அவர் சுவரைக் காட்டினார். வரிசையாகப் படங்கள், பட்டம் வாங்கிய அங்கியோடு அவருடைய மாணவர்கள். “இவங்க எட்டுப் பேரும் இலையில வாங்கினவங்கம்மா. ரெண்டு பேரு காலேஜ்ல வாத்தியாரா இருக்காங்க. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. நான் அவங்களையும் பார்க்கோணும்.”

நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியவள்தான். பிறகு அவர் ஒன்று சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அது போக, ஒரு பிஎச்.டி. புஸ்தகத்துல சமையலறை ரசமெல்லாம் இருந்தா பார்க்க நல்லா இருக்காதுங்கம்மா.”

நான் எழுந்துவிட்டேன். “எங்க ரசம் எந்தப் புஸ்தகத்துல இருந்தாலும் நல்லா இருக்குமுங்க” என்றேன். பழத்தைத் திரும்ப எடுத்து வரவில்லை. அது அநாகரிகம்.

பஸ்ஸில் வரும்போதும் எனக்கு ஆறவில்லை. என் ரசத்தை எடுக்கச் சொல்ல இவர் யார்?

மே 28

முடிவு சாரு எடுத்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு பேருக்கும் இலை போட்டேன். பொரியல், கூட்டு, சாதம். ரசத்தை ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவள் நிமிர்ந்தாள்.

“அத்தை, உப்பு?”

“மறந்துட்டேன் கண்ணு.”

தாளிக்கவும் மறந்துவிட்டேன். வயதாகிவிட்டது அல்லவா.

அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. உப்புச் சாடி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். சகிக்கவில்லை.

கை கழுவும்போது, “நாளைக்குப் பதிவ ரத்து பண்ண எழுதிக் குடுத்தர்றனுங்கத்தை” என்றாள்.

“குடுத்துட்டு வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா” என்றேன்.

மே 30

மீதிப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல காரியத்துப் பத்திரிகையில் கறுப்பு மை போட்டு அடிக்க முடியாது. மறுபடி அச்சடிக்க நாளில்லை. எப்படியும் நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்க வேண்டுமே என்று மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்தேன். மூலைக்கு ஒரு பொட்டு. சாருமதி என்ற பெயருக்கு முன்னால் இருந்த சொல்லின்மேல் பெரிதாக ஐந்தாவது பொட்டு.

சாரு வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் விரலால் தொட்டு வைக்க ஆரம்பித்தாள். இடையில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கும்தான். இரண்டு பேர் விரலும் மஞ்சள், தரையெல்லாம் மஞ்சள். சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து பழையபடி பேசிக்கொண்டிருந்தோம்.

வசந்தமணிக்கும் அவள் ஊர்க்காரர்களுக்கும் கொடுக்க வேண்டிய பத்திரிகைகளுக்கு நானே தனியாக இன்னொரு பூச்சுப் பூசினேன்.

ஜூன் 6

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. பசுவும் கன்றும் வீட்டுக்குள் வந்தபோது கன்று சாருவின் அறைக்குள் நுழைந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டது. எல்லோருக்கும் சிரிப்பு.

பந்தி முதல் வரிசையில் வசந்தமணி. என்னை நிறுத்தி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“ஏனுங் அண்ணி, பத்திரிகையில மருமக பேருக்கு முன்னால ஒரு வண்டி மஞ்சள அப்பீருக்கீங்க? நான் சுரண்டிப் பார்த்தனுங்க. முனைவர்னு இருக்குது. அது ஆச்சா, ஆகலையா?”

சுரண்டிப் பார்த்திருக்கிறாள்! சாரு அப்பளம் வைத்துக்கொண்டு இரண்டு இலை தள்ளி நின்றாள். கை நின்றுவிட்டது. பந்தியின் மறுகோடியில் பரிமாறிக்கொண்டிருந்த கௌசிக் என்னைப் பார்த்தான்.

முப்பத்தாறு வருஷம் காலை வணக்கக் கூட்டத்தில் பேசிய குரல் எனக்கு இன்னும் போய்விடவில்லை.

“ஆகலை வசந்தா. கைக்கு வந்ததுதான். இலையில ஒண்ணுமில்லைன்னு இவளாக் கண்டுபுடிச்சா. அத மறைச்சாப் பட்டம், சொன்னாப் பட்டமில்லைன்னாங்க. சொல்லிப்போட்டு வந்துட்டா. ஜூலையில மெட்ராஸ்ல மறுபடியும் முதல் வருசம் சேர்றா. அந்தப் பத்திரிகையில என்னையும் சேர்த்து அத்தன பேருக்கும் பட்டம் இருக்குது. வேண்டாம்னு சொல்ற தைரியம் இருக்கறது இவ ஒருத்திக்குத்தான். போதுமா? ரசம் ஊத்தட்டுமா?”

பந்தியில் எல்லோரும் தங்கள் இலையைப் பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஆசாரி மட்டும், “ஊத்துங்கம்மா” என்றார்.

சாரு அப்பளத் தட்டோடு அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். நீள மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தலையைத் தொட்டேன். இப்படி ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருக்கிறாளே என்று எனக்குக் கர்வமாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னேன். அவளும் கேட்டாள்.

இன்றைய ரசத்தில் உப்பு, தாளிப்பு எல்லாம் சரியாக இருந்தது. வசந்தமணி மூன்று முறை வாங்கினாள்.

ஜூன் 30

ரயிலேற்றிவிட்டு வந்தோம். இரண்டு பெட்டி, ஒரு பை நிறையப் பருப்புப்பொடி. ஜன்னல் வழியாக, “உடம்பப் பார்த்துக்கங்கத்தை” என்றாள். நான் என்ன உடம்பு, நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூலை 3

ரசம் மிச்சமாகிவிட்டது. ஒருத்திக்கு எப்படி வைப்பது என்று தெரியவில்லை. அவள் இல்லாமல் வீடு பெரிதாக இருக்கிறது.

ஜூலை 9

காலையில் எதிர்வீட்டுக்காரர் அறிமுகம் செய்துகொள்ள வந்தார். பேங்க்கில் மேனேஜராக இருந்தவராம். மகன், மருமகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

“மகன் பம்ப் கம்பெனி. மருமக முதல் வருசம் படிக்கிறா.”

“ஓ, சின்ன வயசுங்களா?”

“முப்பத்தொண்ணு” என்றேன். உட்காருங்கள் என்று சொல்லி, முழுக் கதையையும் நானே சொன்னேன். காபி ஆறிப்போகும் வரை கேட்டார்.

சாயங்காலம், அவள் வழக்கமாக வீடு வரும் நேரத்துக்கு, போன் அடித்தது.

“அத்தை, இங்க புதுசாச் சேர்ந்தவங்க எல்லாரும் இதுக்கு முன்னால செஞ்சதுல ஒரு வேலைய மத்தவங்க முன்னால செஞ்சு காட்டோணுமாமுங்க. நான் அந்த நாலு குப்பியச் செய்யப் போறேன். அளவு மறுபடியும் சொல்லுங்க.”

அவளுடைய நீள மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எழுதிக்கோ” என்றேன். “ஒண்ணேகால் லிட்டர் தண்ணி.”